செல் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தால் டிஎன்எஃப் குறைகிறது, செல்லும் சாகிறது: வழி சொல்லுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் செல் கல்ச்சர் செய்கிறவங்க கொஞ்சம் பாருங்க.

ரா 264.7 மேக்ரோபேஜ் (ஆய்வகத்தில் வளர்க்கும் எலியின் நோயெதிர்ப்பு செல்). சீரம் இல்லாத மீடியத்தில் சவ்வின் கொலஸ்ட்ராலை உருவியெடுக்கும் மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 10 மில்லிமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம். இரண்டு முறை கழுவி, செல்லைத் தூண்ட எல்பிஎஸ் (பாக்டீரியா உறையின் நச்சு) மில்லிக்கு 100 நானோகிராம், 4 மணி நேரம். செல் வெளியிடும் அழற்சிப் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபா நன்றாகவே குறைகிறது. ஆனால் பாதி செல் உருண்டு, தட்டை விட்டு மிதக்கிறது. செத்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரைபான் புளூ போட்டால் நீலம். சவ்வில் ராஃப்ட் (கொலஸ்ட்ரால் செறிந்த திட்டு) கலைந்து, எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பியான டிஎல்ஆர்4 ஒன்றுகூடாமல் போனதா, செல் செத்ததா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சீரம் சேர்த்தால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் அதிலுள்ள கொலஸ்ட்ராலையே பிடித்துக்கொள்ளும். சேர்க்காவிட்டால் எல்பிஎஸ்ஸை செல் மேலுள்ள சிடி14 என்ற ஏற்பியிடம் கொண்டுசேர்க்கும் புரதம் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கேட்பது மூன்று. 2, 5 மில்லிமோலாரில் யாராவது பார்த்தீர்களா? கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் கன்ட்ரோலுக்கு என்ன விகிதம் போடுகிறீர்கள்? சவ்வின் இறுக்கத்தைக் காட்டும் லார்டான் சாயத்தை 440, 490 நானோமீட்டர் இரண்டிலும் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப் மாவட்டத்துக்குள் எங்கே? உயிருள்ள செல்லைத் திருவனந்தபுரம்வரை பஸ்ஸில் கொண்டுபோக மனமில்லை.

"ராஃப்ட் போனால் சிக்னல் போகும்" என்று மட்டும் சொல்லாதீங்க. சில செல் வகைகளில் கொலஸ்ட்ராலை எடுத்தால் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி, தன்னைத் தூண்டும் லிகண்ட் மூலக்கூறு இல்லாமலே செயல்படத் தொடங்குகிறது.