ஆர்ட் ஜர்னல் பக்கங்கள் அலை அலையாக எழும்புகின்றன, மூடினால் ஒட்டிக்கொள்கின்றன. உதவி தேவை

மைத்துளி:

வணக்கம் நண்பர்களே. தைத்த நோட்டு ஒன்றில் ஆர்ட் ஜர்னல், அதாவது படமும் எழுத்தும் கலந்த நாட்குறிப்பு, செய்துவருகிறேன். தாள் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை). முதலில் வாட்டர்கலரில் பின்னணி. அது காய்ந்ததும் பத்திரிகைத் துண்டு, டிஷ்யூ பேப்பர், பிரிண்ட் எடுத்த படங்கள் எல்லாம் வெள்ளைப் பசையால் ஒட்டுவேன். மேலே பளபளப்பான ஜெல் மீடியம் (அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, நிறமில்லாத கெட்டிக் குழம்பு) ஒரு பூச்சு. கடைசியாக பேனாவில் எழுத்து.

தொல்லை என்னவென்றால், ஒட்டிய இடமெல்லாம் குமிழும் சுருக்கமுமாக வருகிறது. காய்ந்தபின் தாள் முழுக்க ஒட்டிய பக்கம் பார்த்து வளைந்துவிடுகிறது. அடுத்தது, நோட்டை மூடி வைத்து மறுநாள் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படத்தின் மேல்தோல் உரிந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு பக்கங்கள் இப்போதும் ஒட்டியபடியேதான் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் என்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் புரியவில்லை. சில பிரிண்ட் படங்கள் மீடியம் பட்டதுமே கலங்கி ஓடுகின்றன, சில அப்படியே இருக்கின்றன. தூரிகையும் மீடியமும் ஒன்றுதான். ஏன் இப்படி?

தையல்முதுகு:

ஒட்டிக்கொண்ட பக்கங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஹேர் டிரையரும் வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். நான் புத்தகம் கட்டுகிறவன், இந்தச் சண்டை எனக்கு அன்றாடம் உண்டு. தாளின் நார்கள் ஈரம் குடித்தால் உப்பும். நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கேதான் பருக்கும். ஆலையில் தாள் செய்யும்போது பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் படுத்துவிடுவதால், ஈரம் பட்ட தாள் ஒரு திசையில் கொஞ்சமும் மறு திசையில் நிறையவும் விரியும். நீங்கள் ஒட்டும் துண்டு ஒரு பக்கமும் அடியில் இருக்கும் தாள் வேறு பக்கமும் விரிந்தால் இரண்டும் இழுபறிப்படும். அந்த இழுபறிதான் உங்கள் கண்ணுக்குச் சுருக்கமாகத் தெரிகிறது.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. சின்னத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும். குழாய் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதுதான் நாரின் திசை. கிழித்தும் பார்க்கலாம். செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நல்ல கட்டு உள்ள நோட்டில் நார் முதுகுக்கு இணையாக ஓடும். பெரிய துண்டுகளையாவது அதே போக்கில் ஒட்டுங்கள். கட்டைவிரல் அளவுத் துண்டுக்கெல்லாம் இதைப் பார்க்க வேண்டியதில்லை.

பக்கம் வளைவதற்குக் காரணம் வேறு. துண்டு ஈரத்தில் விரிந்த நிலையில் ஒட்டப்படுகிறது. காயும்போது அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், பசை பிடித்திருப்பதால் அடித்தாளையும் சேர்த்து இழுக்கும். இதற்கு மருந்து பின்பக்கத்தில் இருக்கிறது. அதே பருமனுள்ள ஒரு தாளைப் பின்னாலும் ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமானால் தாள் நிமிர்ந்து நிற்கும். அட்டையின் வெளியே துணி ஒட்டினால் உள்ளேயும் தாள் ஒட்டுகிறோமே, அது அழகுக்காக மட்டும் இல்லை.

கத்தரிப்பூ:

தையல்முதுகு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். பலர் அதில் இன்னும் தண்ணீர் கலந்து பூசுகிறார்கள், தாள் ஊறாமல் என்ன செய்யும்? ஓவியப் பொருள்களோடு விற்கும் மேட் மீடியத்தை (பளபளப்பில்லாத அக்ரிலிக் மீடியம்) அப்படியே, மெல்லியதாக, இரண்டு பரப்பிலும் தடவுங்கள். துண்டை வைத்ததும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓரத்தில் பிதுங்கி வரும் மீடியத்தை உடனே துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் பளபளவென்று கறையாக நிற்கும்.

மெல்லிய பத்திரிகைத் தாளுக்கு நான் வேறு வழி வைத்திருக்கிறேன். பின்பக்கம் மீடியம் பூசி ஒரு நிமிடம் சும்மா விட்டுவிடுவேன். விரிய வேண்டியது விரிந்து முடிந்தபின் ஒட்டினால், காயும்போது தானே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும். பூசிய உடனே ஒட்டினால் அது பக்கத்தின் மேல் இருந்தபடியே விரியும், குமிழ் வராமல் இருக்காது. டிஷ்யூ பேப்பரில் இது நடக்காது, கையிலேயே கிழிந்துவிடும். அதற்கு அடித்தாளில் மட்டும் மீடியம் பூசி, மேலே டிஷ்யூவை இறக்கி, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். வண்ண டிஷ்யூ பெரும்பாலும் சாயம் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்கு அந்தச் சாயக் கசிவு பிடிக்கும், வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து எடுப்பேன். ஆனால் அடியில் முகம் ஏதாவது வரைந்திருந்தால் பாழாகிவிடும்.

இனி பிரிண்ட் படங்கள். கலங்கியவை இங்க்ஜெட், கலங்காதவை லேசர் பிரிண்ட் என்று நினைக்கிறேன். சரிதானா?

மைத்துளி:

ஆமாம் கத்தரிப்பூ அக்கா! வீட்டில் எடுத்தவைதான் எல்லாம் கலங்கின, அது இங்க்ஜெட். வெளியில் நகல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கத்தரிப்பூ:

அப்படியானால் விஷயம் தெளிவு. பல இங்க்ஜெட் மைகள் தண்ணீரில் கரையும் சாயம். மீடியத்தில் இருக்கும் தண்ணீர் பட்டதும் மறுபடி கரைகின்றன. லேசர் பிரிண்டரும் நகல் இயந்திரமும் போடுவது டோனர். அது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்வது. தண்ணீரால் அதை அசைக்க முடியாது. நிறமிமை (தண்ணீரில் கரையாத வண்ணத் துகள்கள் கொண்ட மை) போடும் இங்க்ஜெட் இயந்திரங்களும் உண்டு, அவை நன்றாகவே தாங்கும். எது என்று தெரியாவிட்டால் ஈர விரலால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்.

கையில் இருக்கும் இங்க்ஜெட் படத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் காற்றோட்டமான இடத்தில் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே (மை கலையாமல் பிடித்து வைக்கும் தெளிப்பு) மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, காய விட்டு, பிறகு மீடியம் ஒரே இழுப்பில். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். இல்லையென்றால் அந்தப் படத்தையே லேசரில் நகல் எடுத்துவிடுங்கள். நான் அதைத்தான் செய்வேன்.

நீலக்கறை:

ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க நான் அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் இளகி வந்தது. அதையும் முயன்று பார்க்கலாமே?

தையல்முதுகு:

இந்த இடத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்ரிலிக் சூட்டில் இளகும், அது உண்மை. இளகினால் பிசுபிசுப்பும் கூடும். பிரியும்போது நூல் நூலாக இழுத்து, பலவீனமான தாளைத் தன்னோடு கொண்டுபோகும். சில தாள்களில் தப்பிக்கலாம். பத்திரிகைத் தாளில் தப்ப முடியாது.

குளிர்தான் இதற்குச் சரி. குளிரில் அக்ரிலிக் விறைத்து ஒட்டும் தன்மையை இழக்கும். நோட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். எடுத்தவுடன், சூடேறுவதற்குள், ஒட்டாத மூலை எதுவோ அங்கிருந்து மெல்லிய தட்டைக் கத்தி ஒன்றை உள்ளே விட்டுப் பரப்புக்கு இணையாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மேல்நோக்கி இழுக்கக் கூடாது. பக்கத்தை மடக்கவும் கூடாது, விறைத்த அக்ரிலிக் கனமாக இருந்தால் விரிசல் விடும். நடுவில் இளகிவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் திரும்பப் பையில் போட்டு உள்ளே வையுங்கள். பை முக்கியம், இல்லையென்றால் ஈரம் உள்ளே இறங்கி வாட்டர்கலரைக் கெடுக்கும்.

மைத்துளி:

பிரிந்துவிட்டது! ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவு உரிந்தது, மற்றபடி முழுசாக வந்துவிட்டது. மிக்க நன்றி. இனி ஒட்டாமல் இருக்க என்ன செய்வது? நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடினேன். தொட்டால் கையில் எதுவும் ஒட்டவில்லை.

நீலக்கறை:

கையில் ஒட்டாததை வைத்து முடிவு செய்யக் கூடாது, நானும் இதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். அக்ரிலிக் மேற்பரப்பு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுதாக வெளியேறி, பாலிமர், அதாவது அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள், ஒன்றுசேர்ந்து இறுகுவதற்கு நாட்களாகும். கனமாகப் பூசினால் வாரங்களும் ஆகும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் இன்னும் இழுக்கும்.

முழுதாக இறுகிய பிறகும்கூட பளபளப்பான ஜெல் இரண்டு பரப்பும் அழுந்தி இருந்தால் ஒட்டப் பார்க்கும். அது அந்தப் பொருளின் இயல்பு. மேட் வகையில் ஒளியை மங்கச் செய்ய நுண்ணிய பொடி கலந்திருப்பார்கள். அந்தப் பொடி பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் ஒட்டுவது குறையும். உங்களுக்குப் பளபளப்பு மேல் தனிப் பிரியம் இல்லையென்றால் மேட்டுக்கு மாறிவிடுங்கள். நோட்டுக்குள் அதுவே பொருத்தம், வெளிச்சம் அடித்துக் கண்ணைக் கூசாது.

எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவில் சிலிகோன் பூசிய பேக்கிங் பேப்பர் ஒன்றை வைத்துவிடுங்கள். மெழுகு பூசிய தாளும் வைக்கிறார்கள், ஆனால் சூடு பட்டால் மெழுகு பக்கத்துக்கு இறங்கிவிடும். சிலர் முகப்பவுடர் தூவித் தட்டிவிடுகிறார்கள்.

கத்தரிப்பூ:

பவுடர் வேண்டாமே. கறுப்பு, அடர்நீலம் போன்ற இடங்களில் வெள்ளையாகப் படர்ந்து நிறத்தையே மங்கடித்துவிடும், அதன்மேல் வேறு எதுவும் பூசவும் முடியாது. முற்றிலும் முடிந்த பக்கமென்றால் மெழுகுப் பாலிஷ் துளி எடுத்து மெல்லிய துணியால் தேய்த்துவிடலாம். நினைவிருக்கட்டும், மெழுகுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பசையும் பிடிக்காது, பேனாவும் பிடிக்காது.

மைத்துளி அடுத்து எழுத்தைப் பற்றிக் கேட்பார் என்று தோன்றுகிறது. ஜெல் மேல் நுனி மெலிந்த பேனாவில் எழுதினால் மை காயாது, நுனியும் அடைத்துக்கொள்ளும். எழுதப்போகும் இடத்தில் நிறமில்லாத ஜெஸ்ஸோ (பரப்பைச் சொரசொரப்பாக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு கொடுங்கள், அல்லது அக்ரிலிக் மார்க்கருக்கு மாறுங்கள். ஸ்பிரிட் மார்க்கரில் எழுதி அதன்மேல் வெள்ளை பூசாதீர்கள். சாயம் மெல்ல மெல்ல மேலே ஏறிவரும்.

பழையதாள்:

நடுவில் நுழைகிறேன், ஒரு சந்தேகம். நானும் செய்தித்தாள் துண்டுகள்தான் அதிகம் ஒட்டுகிறேன். மேலே மீடியம் பூசிவிட்டால் மஞ்சளாகாமல் இருக்குமா?

தையல்முதுகு:

இருக்காது. செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழில் செய்வது, அதில் லிக்னின் (மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருள்) அப்படியே தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டு அதுதான் பழுப்பாகிறது. மீடியம் பூசினால் வேகம் கொஞ்சம் குறையலாம், மாற்றம் நிற்காது. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்கள் கொலாஜ்களில் (ஒட்டுப் படங்களில்) ஒட்டிய செய்தித்தாள்களும் இன்று பழுப்பேறித்தான் நிற்கின்றன. எனக்கு அந்தப் பழுப்பு பிடிக்கும், அது அந்தத் தாளின் வயது. உங்களுக்கு வெண்மை வேண்டுமென்றால் அமிலமற்ற தாளில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள், மூலத் துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு ரொம்பப் பருத்து முதுகு தெறிக்கிற மாதிரி இருந்தால், ஒட்டத் தொடங்கும் முன்பே இடையிடையே சில தாள்களை வெட்டி எடுத்துவிடுங்கள். அடியோடு வெட்டக் கூடாது. தைத்த நோட்டில் ஒவ்வொரு தாளும் நடுவில் மடிந்து இரண்டு இலையாக இருக்கும். ஒன்றை அடியோடு வெட்டினால் அதன் ஜோடி கழன்று விழும். முதுகுப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரம் முதுகுக்குப் பருமன் கொடுக்கும், மேலே ஒட்டுகிறவற்றுக்கு இடமும் கிடைக்கும்.

மைத்துளி:

இதை யாரும் சொல்லித் தரவில்லையே! கடைசியாக ஒன்று. லேசர் பிரிண்டைக் கவிழ்த்து ஒட்டி, தாளைத் தேய்த்து எடுத்துவிட்டு, மையை மட்டும் பக்கத்தில் பதிய வைப்பதை முயன்றேன். ஈரமாக இருக்கும்போது படம் அருமையாகத் தெரிகிறது. காய்ந்ததும் வெள்ளைப் பனி மூடியது போல் ஆகிவிடுகிறது.

கத்தரிப்பூ:

மேலே மிச்சமிருக்கும் தாள் நார்தான் அது. ஈரத்தில் ஒளி ஊடுருவும், காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும். ஒரே தடவையில் முழுக்க எடுக்கப் பார்த்தால் மையும் சேர்ந்து உரியும். ஒட்டிய மீடியத்தை ஓர் இரவு முழுக்கக் காய விடுங்கள். மறுநாள் பின்பக்கத்தை நனைத்து, விரல் நுனியால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, உருண்டு வரும் நாரைத் துடைத்து, காய விட்டுப் பாருங்கள். எங்கே வெள்ளையோ அங்கே மட்டும் மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும். படத்தில் எழுத்து இருந்தால் பிரிண்ட் எடுக்கும் முன்பே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுங்கள். கடைசியில் எஞ்சும் லேசான மங்கலுக்கு மேட் மீடியம் வேண்டாம், அது இன்னும் மங்கலாக்கும். உங்களிடம் இருக்கும் பளபளப்பு ஜெல்லையே இந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு பூசுங்கள். நார் அதைக் குடித்துத் தெளிந்துவிடும். எதிர்ப்பக்கத்துக்கு நடுவே பேக்கிங் பேப்பரை வைத்துவிட்டு மூடுங்கள்.