மூடிய ஆலயத்தை விற்ற பணம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் தமிழ் ஆராதனைக்கு ஞாயிறு மதியம் இடம் தரும் ஐக்கிய மெதடிஸ்ட் சபையை மூடப் போகிறார்களாம், மிச்சம் இருப்பது பதினொரு வயதானவர்கள்தான். கட்டிடத்தை விற்றால் பணம் அவர்களுக்கா?

பதில் 1: இல்லை பிரதர். சொத்தை உள்ளூர்ச் சபை தனக்கென்று இல்லாமல் மொத்த மெதடிஸ்ட் சபைக்கும் பொறுப்பாக வைத்திருப்பது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1763இல் வெளியிட்ட மாதிரிச் சொத்துப் பத்திரத்திலிருந்து வரும் வழக்கம். மூடினால் வருடாந்திர மாநாட்டுக்கு, அதாவது அந்தப் பகுதிச் சபைகளின் நிர்வாக அமைப்புக்குப் போகும். 50,000 பேருக்கு மேல் வாழும் நகரம் என்றால் அந்தப் பணத்தை நகர்ப்புற ஊழியத்துக்கே செலவிட வேண்டும்.

பதில் 2: விதி சரி, ஆனால் கூரை ஒழுகல், பழைய பாக்கி, காலிக் கட்டிடத்துக்குக் காப்பீடு எல்லாம் கழித்து என்ன மிஞ்சும்? நாங்கள் விற்கவிடாமல் கட்டிடத்தையே கேட்டு வாங்கினோம், இப்போது அந்தச் சமையலறையில் வாராவாரம் சாம்பார் கொதிக்கிறது.

கேட்டவர்: அப்படியா! சரி, இந்த வாரமே சபையின் மாவட்டக் கண்காணிப்பாளரிடம் பேசுகிறேன். பழைய பியானோ மட்டும் யாருக்கும் வேண்டாமாம்.