கன்று ஈன்ற பசு எழவில்லை, உதவி தேவை

கோபிசெட்டிபாளையம் பக்கம். ஜெர்சி கலப்பு, தலை ஈற்று. போன வாரம் பெரிய காளைக்கன்று, இழுத்துத்தான் எடுத்தோம். அன்றிலிருந்து மாடு எழவில்லை. முக்கி எழப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்துவிடுகின்றன.

இடுப்பெலும்புக்குள் ஓடும் நரம்பைக் கன்று நசுக்கிவிட்டது, அதனால் தொடையை உள்பக்கம் இழுக்கும் தசை வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டர். குளம்பிடுக்கில் கிள்ளினால் காலை வெடுக்கென்று இழுக்கிறது, உணர்ச்சி இருக்கிறது. தீனி, அசை, சாணம் எல்லாம் சரி.

கால்சியம் குறைவாக இருக்குமோ என்று ஏற்றியும் மாற்றமில்லை. சிமெண்ட் தரை வழுக்குகிறதே என்று மண் தரைக்கு மாற்றி வைக்கோல் பரப்பினோம். அடியில் மாட்டிய தொடைச்சதை நசுங்கிக் கெடாமல் இருக்க பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறோம். கால் விரியாதபடி துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டியிருக்கிறோம்.

அடுத்து, வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்து செயின் பிளாக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) தூக்கலாம் என்று யோசனை. அப்படித் தூக்கியவர்கள் சொல்லுங்கள்: ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள்?