தண்டவாளத்தை ஏன் வேண்டுமென்றே அரைக்கிறார்கள்?

சிவில்_மூன்றாம்_ஆண்டு:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். கூடூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து லைனில் நீளமான ஒரு மெஷின், அடியில் இரண்டு தண்டவாளத்திலும் நெருப்புப்பொறி பறக்க மெதுவாக நகர்ந்து போனது. தண்டவாளத்தின் மேல்பரப்பை அரைக்கும் மெஷின் என்று கூட வந்தவர் சொன்னார்.

எனக்குப் புரியாத இடம் இதுதான். கூட்ஸ் வண்டிகளின் அச்சுச்சுமை, அதாவது இரண்டு சக்கரம் கொண்ட ஓர் அச்சு தாங்கும் பாரம், ஏறிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் 20.3 டன்னாக இருந்தது 22.9 ஆகி, சரக்குக்கான தனிப் பாதையில் 25 டன்னுக்கு வந்துவிட்டது. அதற்காகத்தான் கடினமான எஃகில் தண்டவாளம் போடுகிறார்கள், தேய்மானம் குறையட்டும் என்று. அப்படிப் பாடுபட்டுத் தேயாமல் வைத்ததை நாமே ஏன் அரைத்துத் தேய்க்க வேண்டும்? ப்ராஜெக்டுக்கு இதையே எடுக்கலாமா என்று யோசிக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பியர்லைட்:

நல்ல கேள்வி தம்பி. நான் உலோகவியல், தண்டவாள எஃகில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் பதில் நீளமாகப் போகும்.

முதலில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தை மனதில் கொண்டு வாருங்கள். 25 டன் அச்சு என்றால் ஒரு சக்கரத்துக்குப் பன்னிரண்டரை டன். அந்தப் பாரம் முழுவதும் இறங்கும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அங்கே வரும் அழுத்தத்தில் எஃகின் மேல்தோல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் துளித் துளியாக ஒரே பக்கம் இழுபட்டுக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் இதற்கு மேல் இழுபட முடியாது என்ற நிலை வந்து மயிரிழை போல விரிசல் விடும். வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள்ஓரத்தில் வரிசையாக மீன் செதில் மாதிரி தெரியும், கையால் தடவினாலே உணரலாம்.

மென்மையான எஃகாக இருந்தால் விரிசல் பிறக்கப் பிறக்க அந்தத் தோலே தேய்ந்து போய்விடும். தேய்மானம் விரிசலைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடின எஃகில் தேய்மானம் குறைவு, அதனால் பிறந்த விரிசல் அங்கேயே தங்கி, மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல் சாய்வாகக் கொஞ்ச தூரம் ஓடும். மழைத்தண்ணீர் உள்ளே போனால் சக்கரம் அதை அழுத்தி விரிசலை இன்னும் திறக்கும். அதில் ஏதோ ஒன்று கீழ்நோக்கித் திரும்பினால் கதை மாறிவிடும், தண்டவாளம் குறுக்கே உடையும். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்ட் அருகே 2000 அக்டோபர் 17 அன்று நடந்தது இதுதான். அது சரக்கு வண்டி அல்ல, லண்டனிலிருந்து லீட்ஸ் போன விரைவு வண்டி, 4 பேர் இறந்தார்கள். தண்டவாளம் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கிக் கிடந்தது. விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, மாற்றுவதற்கான புதுத் தண்டவாளத்தையும் கொண்டுவந்து பாதை ஓரத்திலேயே போட்டிருந்தார்கள். அந்த விசாரணை அறிக்கையைப் படித்த நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை.

அதனால்தான் அரைப்பது. மெஷின் ஒருமுறை போகும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு எடுத்தால் போதும், விரிசல் குட்டியாக இருக்கும்போதே போய்விடும். விரிசல் வளரும் வேகமும் தோல் நீங்கும் வேகமும் சமமாகும் அந்த அளவை எங்கள் துறையில் மேஜிக் வேர் ரேட் என்பார்கள். அதிகம் அரைத்தால் தண்டவாளம் வீண், குறைவாக அரைத்தால் விரிசல் முந்திவிடும்.

சிவில்_மூன்றாம்_ஆண்டு:

ரொம்ப நன்றி அக்கா. அப்படியானால் மென்மையான எஃகே போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமே? அரைக்கும் செலவும் மிச்சம்தானே?

பியர்லைட்:

முடியாது. கனமான வண்டிக்கு மென்மையான தண்டவாளம் போட்டால் வளைவில் பக்கவாட்டில் கரைந்துபோகும், உள் தண்டவாளத்தின் தலை நசுங்கி ஓரத்தில் பிதுங்கி நிற்கும். இன்னொன்று, R350HT என்ற ரகம் மாதிரி வெப்பப் பதம் செய்த கடினத் தண்டவாளத்தில் பியர்லைட் அடுக்குகள் (எஃகுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்கமைப்பு, என் பெயரும் அதிலிருந்துதான்) மிக நெருக்கமாக இருப்பதால் விரிசல் பிறப்பதும் தாமதமாகிறது. கனமான வண்டி ஓடும் வளைவுக்கு R260 என்ற சாதாரண ரகத்தைவிட மேலானதுதான், ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. அரைப்பதும் சேர்ந்தால்தான் அந்த எஃகுக்குக் கொடுத்த காசு திரும்ப வரும்.

பெர்த்_தமிழன்:

அக்கா சொன்னதற்கு எங்கள் ஊர் நல்ல சாட்சி. மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பாரா இரும்புத்தாதுப் பாதைகளில் இன்று 40 டன் அச்சுச்சுமை வரை ஓடுகிறது. 2001 ஜூனில் ஒரே வண்டியில் 682 வேகன் கோர்த்து ஓட்டினார்கள், நீளம் 7.3 கிலோமீட்டர், மொத்த எடை 99,734 டன். ஆனால் 1970-களில் இதே பாதைகளில் தண்டவாளம் எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரம் அலை அலையாகி, தோல் உரிந்து வீணானது. அங்கிருந்துதான் எஃகு, சக்கரத்தின் வடிவம், தண்டவாளத் தலையின் வடிவம் மூன்றையும் சேர்த்து ஆராய ஆரம்பித்தார்கள். தம்பி, ப்ராஜெக்டில் வடிவத்தை விட்டுவிடாதே. வெறுமனே தோல் எடுப்பது மட்டும் அரைத்தல் அல்ல, சக்கரம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதையும் மெஷினில் இருக்கும் அரைக்கும் கற்கள்தான் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் கொலராடோவின் ப்யூப்ளோவில் 1976-இல் தொடங்கிய சோதனைப் பாதையையும் தேடிப் படி. வட்டப் பாதையில் பாரம் ஏற்றிய வண்டியை விடாமல் சுற்றவிட்டு, புது எஃகு, வெல்டு, ஸ்லீப்பர் எல்லாவற்றையும் அழிய அழியப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற_பிடபிள்யூஐ:

எல்லோரும் தண்டவாளத்தின் தலையையே பேசுகிறீர்கள். பிடபிள்யூஐ, அதாவது ரயில் பாதை இன்ஸ்பெக்டராக முப்பது வருஷம் பாதையில் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கீழே பாருங்கள்.

வெல்டு செய்து நீளமாகப் போட்ட 60 கிலோ தண்டவாளத்தில் (மீட்டருக்கு 60 கிலோ எடை) ஒரு டிகிரி வெப்பம் மாறினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் சுமார் 1.8 டன் விசை ஏறும். முப்பது டிகிரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது ஜல்லிதான். ஜல்லி அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது, சேறு பம்ப் அடிக்கும், ஸ்லீப்பர் தொங்கும், ஒவ்வொரு சக்கரமும் அங்கே சம்மட்டி மாதிரி இறங்கும். அமெரிக்காவில் வயோமிங் நிலக்கரிப் பாதையில் 2005 மே மாதம் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு வண்டி தடம் புரண்டது, வேகனிலிருந்து உதிர்ந்த நிலக்கரித் தூள் ஜல்லியில் சேர்ந்து நனைந்துபோனதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். நிலக்கரி ஓடும் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புச் சேறு எப்படி இருக்கும் என்று தெரியும்.

வெல்டையும் மறக்காதீர்கள். ஒரு மார்கழி விடியலில், எங்கள் செக்‌ஷனில் ஒரு கீமேன் (தினமும் பாதையில் நடந்து சோதிக்கும் ஊழியர்) சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் வைத்துக்கொண்டு போனவர், தெர்மிட் வெல்டில் (உருகிய இரும்பை ஊற்றி ஒட்டிய இணைப்பில்) தண்டவாளம் விட்டுக்கிடப்பதைப் பார்த்துவிட்டார். இரவுக் குளிரில் தண்டவாளம் சுருங்கும், பலவீனமான வெல்டு அந்த இழுப்பில் விட்டுவிடும். சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு, வண்டி வரும் திசையில் டெட்டனேட்டரோடு (தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வேட்டு) ஓடி, அடுத்து வந்த கூட்ஸை நிறுத்தினார். அந்த வெல்டை மீயொலிச் சோதனையில் சில வாரம் முன்புதான் பார்த்திருந்தோம், எதுவும் தெரியவில்லை. அன்று முதல் எனக்கு மெஷின் மேல் நம்பிக்கை குறையவில்லை, ஆனால் நடந்து பார்க்கிறவன் மேல் மரியாதை கூடிவிட்டது.

பியர்லைட்:

சார் சொன்ன மீயொலிக்கும் அரைப்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மேற்பரப்பு செதில் செதிலாக இருந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும், அதற்கு அடியில் பெரிய விரிசல் இருந்தாலும் நிழலில் மறைந்துகொள்ளும். அரைத்துச் சுத்தமாக்கிய தண்டவாளத்தில்தான் சோதனை ஒழுங்காக வேலை செய்யும்.

தம்பி, ப்ராஜெக்டுக்கு வழி சொல்கிறேன். உன் துறைத்தலைவர் கடிதத்தோடு பக்கத்து டிவிஷன் அலுவலகத்தில் கேள், கழித்த தண்டவாளத்தில் வளைவிலிருந்து எடுத்த ஒரு அடித் துண்டு போதும். சாய ஊடுருவல் சோதனை (விரிசலுக்குள் சாயம் இறங்கவிட்டு அதைத் தெரியவைப்பது) செய்து விரிசல்களுக்கு இடையே உள்ள தூரத்தை அள, அப்புறம் குறுக்கே அறுத்து, மெருகேற்றி ஆழத்தைப் பார். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும், சூடு ஏறினால் உள் அமைப்பே மாறிவிடும்.

ஓய்வுபெற்ற_பிடபிள்யூஐ:

துண்டு கேட்கும்போது எந்த வருஷத் தண்டவாளம், எத்தனை கோடி டன் ஓடியது என்றும் கேட்டு எழுதிக்கொள் தம்பி. தண்டவாளத்தின் இடுப்பில் ஆலையும் வருஷமும் புடைப்பாக இருக்கும், அது இருக்கிற துண்டாகப் பார்த்து வாங்கு.