புதுப்பிப்பு: இதயத்துடிப்பு 92 என்று பயந்து எழுதியிருந்தேனே, அது பற்றி

3 வாரம் முன்பு எழுதியிருந்தேன்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கைக்கடிகாரம் 88, 92 என்று காட்டுகிறது, ராத்திரியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

காரைக்குடியில் டாக்டரைப் பார்த்துவிட்டேன். இசிஜி நார்மல். தைராய்டும் சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 10.4. ரத்தசோகை இருந்தால் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க இதயம் கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்குமாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்றும் பொறுமையாகச் சொன்னார்.

ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பயம் போய்விடவில்லை. அன்று ராத்திரியே வளவுத் தூணில் சாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏத்தா, அதையே புடிச்சுக்கிட்டு இருந்தா அது ஓடத்தானே செய்யும்?" என்றார். உண்மைதான். எண்ணைப் பார்த்தால் பயம், பயந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், துடிப்பு இன்னும் ஏறும், மறுபடி பார்ப்பேன். இந்தச் சுழல்தான் என் தூக்கத்தைத் தின்றது.

இப்போது காலையில் எழுந்ததும், காபிக்கு முன், ஒரே முறை. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குகிறேன். கடிகாரம் பீரோவில். முதல் நான்கு நாள் கை பரபரத்தது, அப்புறம் குறைந்துவிட்டது. இன்று காலை 78.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே வரச் சொன்னார். உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள். ஹீமோகுளோபினை அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.