முதல் எழுத்து ஒன்று, பொருள் வேறு: சேலம், ஏற்காடு பக்கம் மருத்துவச் சீட்டுகளில் எதிர்ப்படும் சுருக்கங்கள் (அனுபவப் பகிர்வு)

ஆய்வக நுட்பநர், ஏற்காடு

பாம்புக்கடிச் சீட்டில் இருந்து தொடங்குகிறேன். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மலையில் இது அவசரமான விஷயம். ‘20 டபிள்யூ.பி.சி.டி’ என்று எழுதியிருந்தால், முழு ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை. கடைசி ‘டி’ விட்டுப்போனாலோ கிறுக்கலில் மறைந்தாலோ அது டபிள்யூ.பி.சி, அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஆகிவிடும். அதற்கு ரத்தம் ஊதா மூடிக் குழாயில் போகும். அந்தக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் எத்தனை மணி நேரமானாலும் உறையாது. அதைச் சாய்த்துப் பார்த்து ‘உறையவில்லை’ என்று யாராவது சொல்லிவிட்டால், விஷமே ஏறாதவருக்கும் விஷமுறிவு ஊசி ஏறும்.

சரியான முறை: சுத்தமான, காய்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மி.லி. ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் நிற்க வைத்து, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். நடுவில் ஆட்டிப் பார்க்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, ஏனென்றால் உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடியின் பரப்புதான். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, அந்தப் படலம் உறைதலைக் கெடுக்கும். உறையாமல் நீராக ஓடினால் விரியன் வகை (கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்) விஷம் என்று கொள்ளலாம். உறைந்துவிட்டது என்பதற்காக ஆளை அனுப்பிவிடக் கூடாது. நாகம், கட்டுவிரியன் கடியில் ரத்தம் ஒழுங்காகவே உறையும், இமைதான் தொங்கும். விரியன் கடித்தாலும் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், ஏற்காடு வட்டாரம்

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.வி, ஏ.ஆர்.வி, ஏ.ஆர்.எஸ் மூன்றும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும். முதலாவது பாம்பு விஷமுறிவு. இரண்டாவது நாய்க்கடித் தடுப்பூசி. மூன்றாவது ரேபிஸ் எதிர்ப்புச் சீரம், இது ஆழமான கடியில் காயத்தைச் சுற்றிப் போடுவது. இங்கிருந்து போனில் ‘ஏ.ஆர்.வி இருக்கா’ என்று கீழே சேலத்தில் கேட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் சில பிரிவுகளில் அது எச்.ஐ.வி மாத்திரை என்றே காதில் விழும். ‘நாய்க்கடி ஊசி’, ‘பாம்புக்கடி மருந்து’ என்று தமிழிலேயே கேளுங்கள், குழப்பமே வராது.

அளவும் வேறு. நாய்க்கடித் தடுப்பூசி தோலுக்குள் என்றால் 0.1 மி.லி. வீதம் இரண்டு கைகளிலும், 0, 3, 7, 28-ஆம் நாட்களில். பாம்பு விஷமுறிவு தூளாக இருந்தால் ஒரு குப்பிக்கு 10 மி.லி. நீர் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். வழக்கமாக 10 குப்பியில் தொடங்குவார்கள். இது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். தோட்டத்துப் பச்சை மூங்கில் விரியனுக்கு இந்த மருந்தில் எதிர்ப்பு இல்லை. அதனால் கடித்தது எது என்று தெரிந்தால் சொல்லுங்கள். அதற்காகப் பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம்.

மருந்தாளுநர், சேலம்

கவுண்டரில் கவலை தருவது ‘கார்பி’, ‘கார்ப’ ஜோடி. கார்பிமசோல் தைராய்டு மிகையாகச் சுரப்பதற்கு. கார்பமசெபின் வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும். எழுத்து புரியாவிட்டால் மில்லிகிராமைப் பாருங்கள். முதலாவது 5, 10, 20 என்று வரும். இரண்டாவது 100, 200, 400. அளவும் எழுதவில்லை என்றால் ‘எதுக்கும்மா இந்த மாத்திரை?’ என்று கேட்டுவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஊகித்துக் கொடுக்கும் பேச்சே கூடாது.

சி.பி.எம், சி.பி.இசட் இன்னொரு ஜோடி. ஒன்று சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், 4 மி.கி. மற்றது மனநோய்க்கான குளோர்புரோமசின், பெரும்பாலும் 50 அல்லது 100 மி.கி. இங்கேயும் எண்தான் காப்பாற்றும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி திருத்தியது. பெயர் முழுதாக எழுதப்பட்ட சீட்டில் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடுகிறது.

இன்சுலினுக்கு வருவோம். ‘யூ’ என்ற ஓர் எழுத்தைக் கையால் எழுதினால் சுழியம் போலத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். ‘ஐ.யூ’ என்பது ‘ஐ.வி’ போலத் தெரியும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் இவை இரண்டையும் எழுதக் கூடாத சுருக்கங்களில் சேர்த்தது. நம்மிடம் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரு மி.லி.க்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மயக்கமாகி விழுவார்கள். குப்பி வாங்கும்போதே சிரிஞ்சின் மூடி நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரசவ வார்டு செவிலியர், சேலம்

எங்கள் பக்கம் ‘எம்’ எழுத்துதான் பெரிய விஷயம். மார்பின் சல்பேட், மெக்னீசியம் சல்பேட் இரண்டையும் சுருக்கினால் எம், எஸ், ஓ, 4 என்று ஏறக்குறைய ஒரே கோர்வை. முதலாவது கடும் வலிக்கு, மில்லிகிராம் கணக்கில். இரண்டாவது பிரசவ வலிப்புக்கு, கிராம் கணக்கில். மெக்னீசியம் நம்மூர் மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்லில் இருக்கும் அதே தனிமம்தான், ஆனால் ரத்தத்தில் கூடினால் மூச்சை நிறுத்தும்.

50 சதவீத ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். முதல் டோஸ் 4 கிராம்: நான்கு ஆம்பூல், 8 மி.லி. மருந்து, 12 மி.லி. சலைன், மொத்தம் 20 மி.லி. மெதுவாக ஏற்றுவது. பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம். அடுத்த டோஸுக்கு முன் மூன்று சோதனை: முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. ஒன்று குறைந்தாலும் நிறுத்த வேண்டும். முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மி.லி. அதைத் தட்டிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். மார்பினுக்கு முறிவு நலாக்சோன். மருந்து மாறினால் முறிவும் மாறிப்போகும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கேஸ் ஷீட்டில் ‘எம்.ஜி’ என்று நோயின் பெயர் இருந்தால் நின்று படியுங்கள். அது மயஸ்தீனியா கிராவிஸ் ஆக இருக்கலாம். அந்தத் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவருக்கு மெக்னீசியம் ஏற்றினால் நரம்பில் இருந்து தசைக்குப் போகும் சமிக்ஞை இன்னும் குறைந்து மூச்சுத் தசையே தளர்ந்துவிடும்.

மெடிக்கல் கோடிங் பணியாளர், சேலம்

சுருக்கமாக. ஐ.சி.டி என்றால் எங்களுக்கு நோய்க் குறியீட்டுப் பட்டியல், நெஞ்சு வார்டில் விலா இடுக்குக் குழாய், இதயப் பிரிவில் உள்ளே பொருத்தும் அதிர்வுக் கருவி. ‘எம்.எஸ்’ இதயப் பிரிவில் மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ஐ.சி.டி-10 பட்டியலில் முதலாவது ஐ05.0, இரண்டாவது ஜி35. ‘ஆர்.ஏ’ பக்கத்தில் 98% என்று இருந்தால் அது மூட்டுவாதம் ஆகாது. வெளி ஆக்சிஜன் இல்லாமல் அறைக் காற்றிலேயே 98 என்று பொருள்.

ஆய்வக நுட்பநர், ஏற்காடு

சிஸ்டர்கள் இருவரும் எழுதியது அருமை. விட்டுப்போன ஒன்று, ‘எச்.பி’ குடும்பம். எச்.பி.ஏ1சி மூன்று மாதச் சர்க்கரை, 6.5 சதவீதமும் மேலும் நீரிழிவு. எச்.பி.ஏ2 தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையைப் பார்ப்பது, 3.5-க்கு மேல் போனால் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். இரண்டும் சதவீதத்தில் வருவதால் ஏ2 3.8 என்பதைப் பார்த்துச் ‘சுகர் நார்மல்’ என்று போய்விடுகிறார்கள்.

எச்.பி.எஸ் என்பது அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோயில் வரும் ஹீமோகுளோபின். 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களிடம் தேடுவது இதைத்தான். எச்.பி.எஸ்.ஏ.ஜி மஞ்சள் காமாலை பி கிருமியின் மேலுறை. ‘எஸ் பாசிட்டிவ்’ என்று வாயால் சொன்னால் ஒன்று மற்றதாகிவிடும். ரத்தம் எடுக்கும் குழாயின் மூடியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்: அரிவாள் செல்லுக்கு ஊதா மூடி, காமாலைக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. அரிவாள் செல் நோய் உள்ளவருக்குச் சிவப்பணு வழக்கமான 120 நாளுக்கு முன்பே சிதைவதால் ஏ1சி குறைவாகக் காட்டும். அவர்களுக்குச் சர்க்கரையை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் நேரடியாகவே பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ‘பி.டி, சி.டி’ என்று எழுதினால் ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டாம். ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம் இரண்டும்தான் அது, விரல் குத்தி லேபிலேயே பார்ப்பார்கள். ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், முதல் நேரம் நீளும்.