பொலித்தீன் கட்டினால் தூசு நிக்குமோ?

வெள்ளவத்தை மலர்:
நேற்று 'கட்டிடக்காரன்' எழுதினதை வாசிச்சதிலிருந்து மனம் ஆறேல்லை. புற்றுநோய்ப் பிரிவைப் பெருப்பிக்கேக்க நோயாளரை மாத்தத் தேவையில்லையாம், நடுவில பொலித்தீன் கட்டினால் காணுமாம். கொழும்பில அம்மா கீமோ எடுத்த இடத்திலயும் கட்டினவை. பொய்க்கூரையோட (சீலிங்கோட) நிண்டுட்டுது, அதுக்கு மேல கொங்கிறீட் தட்டு மட்டும் அடைக்காத வெறும் இடைவெளி. விடிய எழும்பினால் கட்டிலடி லொக்கரில விரலால பெயர் எழுதலாம், அவ்வளவு சீமெந்துத் தூசு.

கட்டிடக்காரன்:
தங்கச்சி, நான் இருபது வருசம் சைட்டில நிண்டவன். வார்ட்டை மூடினால் சனம் எங்க போறது? கதிர்ச் சிகிச்சையை இடையில நிப்பாட்டேலாது. பகுதி பகுதியாத்தான் செய்யோணும்.

வெள்ளவத்தை மலர்:
மூடச் சொன்னனானோ? உங்கட சைட்டில பொலித்தீன் எவ்வளவு உயரம் மட்டும் போச்சுது எண்டுதான் கேக்கிறன். கீமோவுக்குப் பிறகு வெள்ளையணு இறங்கிப்போகும். பழைய சுவர், சீலிங் உடைக்கேக்க பறக்கிற அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை வித்து 2, 3 மைக்ரோன்தான். எங்களை ஒண்டும் செய்யாது. கீமோ எடுத்த ஆக்களுக்கு நுரையீரலுக்க போனால் உயிருக்கே ஆபத்து. பலகைத் தடுப்பு மேல் கொங்கிறீட் தட்டு மட்டும் போகோணும், இடுக்கெல்லாம் அடைக்கோணும், வேலை நடக்கிற பக்கத்துக் காத்தை இழுத்து ஹெப்பா எண்ட நுண்தூசு மறிக்கிற வடிகட்டியால வெளியில விடோணும்.

தெஹிவளை ரமேஷ்:
2011இல தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டினவை. வடக்கு ஆக்களுக்கு அங்கயே எல்லா வசதியும் குடுத்தால் இங்க நெரிசல் குறையும்.

கட்டிடக்காரன்:
அது புதுக் கட்டிடம் ரமேஷ். போன முறை லிப்ட் கதையிலயும் விளங்காமல்தான் வந்து விழுந்தனீர்.

தெஹிவளை ரமேஷ்:
லிப்ட் கதையில நான் சொன்னதுதான் சரி. கல்லு ஏத்தின அதே லிப்டிலதான் பத்தரைக்கு வார்ட்டுக்குக் கஞ்சி வந்தது. கண்ணால கண்டனான்.

கட்டிடக்காரன்:
இவருக்கு எல்லாம் தெரியும்! கதிர்ச் சிகிச்சை குடுக்கிற லினாக் மெஷின் அறைக்கு 2 மீற்றர் தடிப்பில சுவர் ஊத்தினவன் நான். கதிர்வீச்சையே மறிச்ச எனக்குத் தூசைப் பற்றிப் பாடமோ?

வெள்ளவத்தை மலர்:
அண்ணே, கதிர்வீச்சை மறிக்கிறது கட்டி முடிஞ்ச சுவர். தூசு வாறது அதைக் கட்டேக்க. பொய்க்கூரைக்கு மேல என்ன இருந்தது?

கட்டிடக்காரன்:
நல்ல தடிச்ச பொலித்தீன், ரெண்டு மடிப்பு.

வெள்ளவத்தை மலர்:
மடிப்பைக் கேக்கேல்லை. பொய்க்கூரைக்கு மேல?

பம்பலப்பிட்டி மிஸ்ஸி:
நான் வார்ட்டில நேர்ஸா வேலை செய்யிறவள். ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ. தடுப்பு போடுறதுக்கு முந்தி எங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லை. மருந்து வண்டில் திரும்ப இடமில்லாமல் கதவைக் கழட்டினதும் நாங்கள்தான்.

கட்டிடக்காரன்:
மிஸ்ஸிமார் சொல்லி பிளான் கீறேலாது.

பம்பலப்பிட்டி மிஸ்ஸி:
கீறின பிளானின்ர வடிவைத்தான் கண்டனாங்களே.

வெள்ளவத்தை மலர்:
அண்ணே, பதில் வரேல்லை. பொய்க்கூரைக்கு மேல?

கட்டிடக்காரன்:
எனக்கு விடிய ஆறு மணிக்கு சைட். வேலை இருக்கிற ஆக்கள் படுக்கோணும்.

வெள்ளவத்தை மலர்:
நாளைக்கும் இதைத்தான் கேப்பன்.